கற்றதைத் திருப்பித் தந்த பேராசிரியர் கார்வர்

ஒரு கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா என்பது, அச்சங்கம் திரட்டிய நிதியையும் படிக்க வைத்த பிள்ளைகளின் எண்ணிக்கையையும் சொல்லி மகிழும் நாளாகும். அதனோடு வேறொரு கணக்கையும் அந்நாளில் பார்க்கலாம். கொடுத்தவர் யார், பெற்றவர் யார், பெற்றவர் பின்னாளில் என்ன கொடுத்தார் என்பதே அக்கணக்கு. அக்கணக்கைத் தம் வாழ்நாள் முழுவதும் நேர்மையாகத் தீர்த்த ஒரு பெரியவரின் வரலாற்றை இம்மலரின் வழியாக நம் இளைஞர்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன். அவர் அமெரிக்க நாட்டில் அடிமையாகப் பிறந்து பேராசிரியராக உயர்ந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்.

நிலக்கடலையிலிருந்து முந்நூறு பொருள்கள் செய்து காட்டியவர் என்ற அளவில் அவர் பெயரைப் பலர் கேட்டிருப்பர். அவர் முதலில் ஓவியம் கற்கவே கல்லூரிக்குச் சென்றவர் என்பதும், துணி வெளுத்துப் படித்தவர் என்பதும், தம் சேமிப்பு முழுவதையும் கல்விக்கே விட்டுச் சென்றவர் என்பதும் பலர் அறியாதவை. நமக்குப் பயன்படும் பாடம் இம்மூன்றில்தான் இருக்கிறது.

அடிமைக் குழந்தை

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் டைமண்ட் குரோவ் என்னும் சிற்றூரில் மோசஸ் கார்வர் என்ற வெள்ளையர் ஒரு பண்ணை வைத்திருந்தார். அவர் 1855ஆம் ஆண்டில் 700 டாலர் கொடுத்து மேரி என்ற 13 வயதுச் சிறுமியை விலைக்கு வாங்கினார். அந்த மேரியின் மகனாக ஏறக்குறைய 1864ஆம் ஆண்டில் ஜார்ஜ் பிறந்தார். மாட்டுக்கும் குதிரைக்கும் கணக்கு எழுதி வைத்த அந்நாளில், அடிமைக் குழந்தையின் பிறந்த நாளை எவரும் குறித்து வைக்கவில்லை. ஆதலால் தம் பிறந்த நாள் எதுவென்று கார்வர் இறுதிவரை அறியவில்லை.

உள்நாட்டுப் போர் நடந்த காலம் அது. ஓரிரவு ஆள் கடத்தும் கொள்ளையர் பண்ணைக்குள் புகுந்து மேரியையும் கைக்குழந்தையையும் தூக்கிச் சென்றனர். மோசஸ் கார்வர் ஆளனுப்பித் தேடியபோது குழந்தை மட்டுமே மீட்கப்பட்டது. அக்குழந்தைக்கு ஈடாக ஒரு குதிரை கொடுக்கப்பட்டது என்று சொல்வர். தாய் என்ன ஆனாள் என்பது கடைசிவரை தெரியவில்லை.

1865ஆம் ஆண்டில் அடிமை முறை ஒழிந்தது. மோசஸ் கார்வரும் அவர் மனைவி சூசனும் ஜார்ஜையும் அவன் அண்ணன் ஜிம்மையும் தம் வீட்டிலேயே வளர்த்தனர். ஜார்ஜ் நோயாளிப் பிள்ளை. வயல் வேலைக்கு உடம்பு இடங்கொடாமையால் சூசனம்மையாருடன் இருந்து சமையல், துவைத்தல், தையல், பின்னல் ஆகியவற்றைக் கற்றான். ஓய்ந்த நேரத்தில் காட்டுக்குள் சென்று செடிகளைப் பார்த்துக்கொண்டிருப்பான். வாடிய செடியைத் தன்னிடம் கொடுத்தால் பிழைக்க வைத்துவிடுவான். அக்கம்பக்கத்தார் அவனைச் செடி வைத்தியன் என்று அழைத்தனர். கிடைத்த பரப்பிலெல்லாம் படம் வரைவதும் அவன் இயல்பாயிற்று. பழச்சாற்றையும் வேரையும் பிழிந்து வண்ணம் செய்துகொண்டான். வரை என்று எவரும் சொல்லவில்லை. வரையாதே என்று எவரும் தடுக்கவுமில்லை.

எட்டு மைல் நடந்த சிறுவன்

வீட்டுக்கருகே பள்ளிக்கூடம் இருந்தது. கறுப்பினக் குழந்தைக்கு அங்கே இடமில்லை. நியோஷோ என்னும் ஊரில் கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளி நடப்பதாகக் கேள்வியுற்ற ஜார்ஜ், பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வயதில், தன்னந்தனியாக ஏறக்குறைய எட்டு மைல் நடந்து அவ்வூரை அடைந்தான். அங்கே அவனுக்குத் தெரிந்தவர் எவருமில்லை. அன்றிரவு ஒரு கொட்டகையில் படுத்துறங்கினான்.

அந்தக் கொட்டகை ஆண்ட்ரூ வாட்கின்ஸ், மரியா வாட்கின்ஸ் என்னும் கறுப்பின இணையருடையது. மரியாம்மாள் மருத்துவச்சி, வீட்டில் சலவைத் தொழிலும் செய்து வந்தார். பிள்ளைப்பேறு இல்லாத அவ்விருவரும் அச்சிறுவனைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டனர். பள்ளியோ அவர்கள் வீட்டுக்கு அடுத்தே இருந்த ஓர் அறை. லிங்கன் பள்ளி என்பது அதன் பெயர். இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் விளையாட ஓடும்போது ஜார்ஜ் வேலி தாண்டி வந்து, சலவைத் தொட்டியின் அருகே புத்தகத்தைச் சாய்த்து வைத்துத் துணி துவைத்துக்கொண்டே படிப்பான்.

அதுவரை அவன் தன்னைக் கார்வருடைய ஜார்ஜ் என்றே சொல்லி வந்தான். இன்னாருடைய ஆள் என்று சொல்லிக்கொள்ளும் அவ்வழக்கம் நம் முன்னோர்க்கும் புதிதன்று. மரியாம்மாள் அதைத் திருத்தி, இனி ஜார்ஜ் கார்வர் என்றே சொல்ல வேண்டும் என்றார். முடிந்த மட்டும் எல்லாவற்றையும் கற்றுக்கொள், கற்றதை எடுத்துச் சென்று நம் மக்களுக்குத் திருப்பிக் கொடு என்ற பொருளில் அவர் சொன்ன அறிவுரையைக் கார்வர் இறக்கும்வரை மறக்கவில்லை.

சலவைத் தொழில் செய்த ஒரு தாய் கொடுத்தது ஒரு மூலையில் படுக்கையும், மூன்று வேளை உணவும், ஒரு வேத புத்தகமும்தான். ஆனால் அக்கொடையோடு ஒரு கடமையையும் சேர்த்துக் கொடுத்தார். பிச்சைக்கும் கல்விக் கொடைக்கும் உள்ள வேற்றுமை இதுவே. நம் அண்ணல் அம்பேத்கர் 1913ஆம் ஆண்டில் பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையில் நியூயார்க் நகருக்குச் சென்றபோது, படிப்பு முடிந்து பத்தாண்டுகள் அரசுப் பணி செய்வதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தே சென்றார். மரியாம்மாள் ஒப்பந்தம் எழுதி வாங்கவில்லை. ஆயினும் அந்தக் கடன் வட்டியும் முதலுமாகத் தீர்க்கப்பட்டது.

மூடிய கதவும் திறந்த கதவும்

நியோஷோ பள்ளியில் கற்பதற்கு இருந்தவற்றைக் கற்று முடித்த ஜார்ஜ், கான்சாஸ் மாநிலத்துக்குச் சென்று ஊர் ஊராகத் திரிந்து படித்தார். சமையல் செய்தும் துணி வெளுத்தும் வயிற்றைக் கழுவினார். 1879ஆம் ஆண்டில் ஃபோர்ட் ஸ்காட் என்னும் நகரில், கறுப்பின மனிதர் ஒருவரைச் சிறையிலிருந்து இழுத்து வந்து வெள்ளையர் கூட்டம் தூக்கிலிட்டு எரித்ததைக் கண்ணால் கண்டு, அந்த ஊரைவிட்டே வெளியேறினார். பின்னர் மினியாபோலிஸ் என்னும் பெயர் கொண்ட கான்சாஸ் சிற்றூரில் உயர்நிலைப் படிப்பை முடித்தார்.

ஹைலண்ட் கல்லூரிக்கு அவர் அஞ்சல் வழியே விண்ணப்பித்தார். மதிப்பெண்களைப் பார்த்து இடம் தந்தார்கள். பெட்டி படுக்கையோடு நேரில் போய் நின்றபோது அவர் நிறத்தைப் பார்த்து இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். தாளில் உள்ள பெயருக்குக் கிடைத்த இடம் ஆளுக்குக் கிடைக்கவில்லை. இந்த அவமானம் எப்படிப்பட்டதென்று நம்மில் மூத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

மனம் வெதும்பிய கார்வர் கான்சாஸின் மேற்குச் சமவெளியில் புல்மண் கட்டிகளால் ஒரு குடிசை கட்டிக்கொண்டு சிலகாலம் பயிர் செய்தார். பிறகு அயோவா மாநிலத்து வின்டர்செட் நகருக்கு வந்தபோது, மில்ஹாலண்ட் என்னும் வெள்ளை மருத்துவரும் அவர் மனைவியும் அவருக்கு நண்பராயினர். அவருடைய ஓவியத் திறனையும் இசையார்வத்தையும் கண்ட அவர்கள், மீண்டும் கல்லூரிக்கு முயலுமாறு வற்புறுத்தினர். 1890ஆம் ஆண்டில் இண்டியனோலா நகரில் உள்ள சிம்சன் கல்லூரியில் அவர் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 26.

கட்டணம் செலுத்தியபின் அவர் கையில் மிஞ்சியது பத்து சென்ட். ஐந்து சென்டுக்குச் சோளமாவும் ஐந்து சென்டுக்கு மாட்டுக் கொழுப்பும் வாங்கி அதைக்கொண்டே ஒரு வாரம் உயிர் வாழ்ந்தார். மாணவர்களின் துணிகளை வெளுத்துச் சம்பாதிக்கத் தொடங்கினார். அவர் குடியிருந்த கொட்டகையில் உட்கார நாற்காலியும் இல்லை என்பதைக் கண்ட மாணவர்கள், அவர் வகுப்பில் இருந்த நேரம் பார்த்து மேசை, நாற்காலி, கட்டில் ஆகியவற்றை வாங்கிப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டனர். கொடுத்தவர் பெயரைச் சொல்லவில்லை. பெற்றவர் தலை குனியவும் நேரவில்லை.

தூரிகை தந்த கண்

சிம்சன் கல்லூரியில் அவர் விரும்பிக் கேட்ட பாடம் ஓவியம். ஓவிய ஆசிரியை எட்டா பட் என்பவர் முதலில் தயங்கினார். கறுப்பின இளைஞர் ஒருவர் அக்காலத்தில் ஓவியத்தைக் கொண்டு எப்படிப் பிழைப்பார் என்ற கவலை அவருக்கு. இருந்தும் அவர் கதவை மூடவில்லை. வகுப்பில் அமர்ந்து வரைய விட்டார். கார்வர் எதை வரையச் சொன்னாலும் வரைவார். தாமாக வரையும்போதோ பூவும் செடியுமே அவர் தாளில் முளைத்தன. இலையின் நரம்பு, காம்பின் வளைவு, இதழின் மடிப்பு எதுவும் தப்பவில்லை. இவருடைய கண் ஓவியரின் கண் மட்டுமன்று, தாவரவியலாரின் கண்ணுமாகும் என்பதை ஆசிரியை உணர்ந்தார். அவருடைய தந்தை ஜோசப் பட் என்பவர் ஏம்ஸ் நகரில் அயோவா மாநில வேளாண்மைக் கல்லூரியில் தோட்டக்கலைப் பேராசிரியர். அங்கே சென்று தாவரவியல் பயிலுமாறு எட்டா பட் அறிவுறுத்தினார்.

கார்வர் எளிதில் இசையவில்லை. ஓவியம் அவருக்கு உயிர். நெடுநாள் எண்ணிப் பார்த்தபின், தம் மக்களுக்கு ஓவியத்தைக் காட்டிலும் வேளாண்மையே உடனடியாகத் தேவைப்படுகிறது என்று தாமே முடிவு செய்து, 1891ஆம் ஆண்டில் ஏம்ஸ் கல்லூரிக்கு மாறினார். அங்கு அவரே முதல் கறுப்பின மாணவர். தொடக்கத்தில் மற்ற மாணவரோடு உணவருந்த விடாமல் சமையல் ஆட்களோடு கீழ்த்தளத்தில் உண்ண வைத்தனர். அதையும் பொறுத்துப் படித்தார்.

தூரிகையை அவர் எறிந்துவிடவில்லை. 1892ஆம் ஆண்டு இறுதியில் சீடர் ராப்பிட்ஸ் நகரில் அயோவா ஓவியர்களின் கண்காட்சி நடந்தது. நல்ல உடையும் வழிச்செலவும் இல்லாததால் அவர் போகாமல் இருந்தார். உடன் பயின்ற மாணவர்கள் அவரைத் துணிக்கடைக்கு இழுத்துச் சென்று உடை வாங்கி உடுத்துவித்து, இரயில் சீட்டையும் கையில் கொடுத்து அனுப்பி வைத்தனர். அங்கே தேர்வு பெற்ற யூக்காச் செடி ஓவியம் 1893ஆம் ஆண்டில் சிகாகோ உலகப் பொருட்காட்சிக்குச் சென்று பாராட்டுப் பெற்றது. அடிமையாகப் பிறந்தவர் வரைந்த செடியை உலகம் வந்து பார்த்தது.

1894ஆம் ஆண்டில் இளங்கலை அறிவியல் பட்டமும் 1896ஆம் ஆண்டில் முதுகலை அறிவியல் பட்டமும் பெற்றார். இடையில் அக்கல்லூரியிலேயே ஆசிரியராக அமர்த்தப்பட்ட முதல் கறுப்பினத்தவரும் அவரே. பேராசிரியர் லூயி பாமலின் கீழ்ப் பயிர்நோய் தரும் பூஞ்சாணங்களை ஆராய்ந்து பெயர் பெற்றார். நுண்ணோக்கியில் கண்டதை நுணுக்கமாகத் தாளில் வரைய அவர் கை பழகியிருந்தது. ஓவியம் படித்த காலம் வீண்போகவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

டஸ்கீகியின் அழைப்பு

அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்னும் ஊரில், தாமும் அடிமையாகப் பிறந்தவரான புக்கர் டி. வாஷிங்டன் 1881ஆம் ஆண்டில் கறுப்பின மக்களுக்கு ஒரு கல்விக்கூடம் தொடங்கியிருந்தார். மாணவர்களே செங்கல் அறுத்துச் சுட்டுக் கட்டடம் எழுப்பிய கல்விக்கூடம் அது. வேளாண்மைத் துறையை நடத்த 1896ஆம் ஆண்டில் அவர் கார்வரை அழைத்தார். ஆண்டுக்கு 1,000 டாலர் ஊதியம். ஏம்ஸ் கல்லூரியில் நல்ல ஆய்வுக்கூடமும் மதிப்பும் இருக்க, கார்வர் அவற்றை விட்டுப் புறப்பட்டார். சில ஆண்டுகள் உழைத்துத் துறையை நிலைநிறுத்திவிட்டு, மீண்டும் தூரிகையைக் கையில் எடுக்கலாம் என்பது அவர் எண்ணமாக இருந்தது. அந்தச் சில ஆண்டுகள் 46 ஆண்டுகளாக நீண்டன.

டஸ்கீகியில் ஆய்வுக்கூடம் என்று சொல்ல ஒன்றுமில்லை. கார்வர் மாணவர்களைக் குப்பைமேடுகளுக்கு அழைத்துச் சென்று, உடைந்த புட்டிகள், பழைய தகரங்கள், கம்பி, மூடி ஆகியவற்றைப் பொறுக்கி வந்து கருவிகள் செய்தார். எது இல்லை என்று புலம்புவதற்கு முன் எது இருக்கிறது என்று பார்ப்பது அவர் வகுப்பின் முதற்பாடம்.

சுற்றுவட்டாரக் கறுப்பின உழவர்கள் வாரத்துக்கு நிலம் பிடித்து உழுதவர்கள். விளைச்சலில் பாதி நிலவுடைமையாளருக்கு, மீதி கடைக்காரர் கடனுக்கு என்று போய்விடும். ஆண்டுதோறும் பருத்தியே விதைத்ததால் மண் வற்றியிருந்தது. வீட்டு வாசல்வரை பருத்தி நிற்க, உண்ணும் காய்கறி கடையிலிருந்து கடனுக்கு வந்தது. தட்டைப்பயறும் நிலக்கடலையும் தம் வேர் முடிச்சுகளால் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்குச் சேர்ப்பவை என்பதைக் காட்டி, அவற்றையும் சர்க்கரைவள்ளிக் கிழங்கையும் மாற்றுப் பயிராக விதைக்கக் கார்வர் கற்பித்தார். 1910ஆம் ஆண்டை ஒட்டிக் கூன்வண்டு அலபாமாவுக்குள் புகுந்து பருத்தியை அழித்தபோது, அவர் சொல்லின் அருமை பலருக்கு விளங்கிற்று.

எழுதப் படிக்கத் தெரியாத உழவர் கல்லூரிக்கு வரமாட்டார். எனவே கல்லூரியே உழவரிடம் சென்றது. 1906ஆம் ஆண்டில் நியூயார்க் செல்வர் மாரிஸ் ஜெசப் அளித்த நிதியில் ஒரு குதிரை வண்டி செய்யப்பட்டு, விதை, கருவிகள், உரம், பால் கடையும் பொறி ஆகியவற்றோடு ஊர் ஊராகச் சென்றது. வாரக் குடியானவரின் வயலிலேயே நின்று செய்து காட்டினார்கள். படிக்கத் தெரிந்தவர்களுக்காக 1898ஆம் ஆண்டு முதல் எளிய நடையில் 44 சிறு வெளியீடுகளைக் கார்வர் எழுதினார். 1916ஆம் ஆண்டில் வெளிவந்த ஒன்று நிலக்கடலையைப் பயிரிடும் முறையையும் அதனை உணவாக்கும் 105 வழிகளையும் கூறுவது. 1921ஆம் ஆண்டில் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் நிலக்கடலை பற்றிச் சான்று சொல்ல அவருக்குப் பத்து நிமிடம் கொடுத்தார்கள். தொடக்கத்தில் ஏளனமாகப் பேசிய உறுப்பினர்களே, அவர் பேச்சைக் கேட்டு, வேண்டும் மட்டும் பேசலாம் என்று நேரத்தை நீட்டினார்கள்.

மண்ணிலிருந்து வண்ணம்

கார்வர் தூரிகையைக் கீழே வைத்தார் என்று சொன்னால் அது பாதி உண்மையே. டஸ்கீகியைச் சுற்றியுள்ள மேக்கன் மாவட்டத்து மண்ணில் வெள்ளையும் மஞ்சளும் சிவப்புமான களிமண் அடுக்குகளை அவர் கண்டார். அதைக் கரைத்து வடித்துத் தெளிய வைத்துச் சுவர் வண்ணம் செய்யலாம் என்று காட்டினார். காசில்லாத குடியானவர் தம் பலகைக் குடிசைக்கும், ஊரார் தம் கோயிலுக்கும் பள்ளிக்கும், செலவின்றி வண்ணம் தீட்டிக்கொள்ளும் முறையை 1911ஆம் ஆண்டில் தனி வெளியீடாகவே எழுதினார். ஏழையின் வீடு அழகாக இருக்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்பதை அவர் செயலால் உணர்த்தினார். அதே மண் வண்ணங்களால் தாமும் படம் வரைந்தார். சோளத்தோகை, கோழியிறகு, சாக்கு நூல் முதலிய கழிவுகளைக்கொண்டு பின்னல் வேலைகள் செய்து மாணவர்க்கும் கற்பித்தார்.

நாட்டுப்புறத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்காக 1910ஆம் ஆண்டில் அவர் ஒரு வெளியீடு எழுதினார். இயற்கைப் பாடமும் தோட்ட வேலையும் பற்றியது அது. குழந்தை தன் கண்ணால் காணும் அருகிலுள்ள பொருளிலிருந்து தொடங்கிக் காணாத பொருளுக்குச் செல்வதே கற்பித்தல் என்பது அவர் கொள்கை. இக்கொள்கையை நாமும் பயிற்சிக் கல்லூரியில் தேர்வுக்காகப் படித்தோம். அவரோ அதைக் காட்டிலும் கொட்டகையிலும் வாழ்ந்து அறிந்தார்.

கொடையின் கணக்கு

டஸ்கீகி ஆசிரியராக இருந்த காலமெல்லாம் கார்வர் திருமணம் செய்துகொள்ளவில்லை. மாணவர் விடுதியிலேயே தங்கினார். ஒரே மேல்சட்டையைப் பல ஆண்டுகள் உடுத்தினார். சட்டையில் மட்டும் நாள்தோறும் ஒரு புதுப்பூ இருக்கும். ஊதிய உயர்வு கேட்டு வாங்கவில்லை. இவ்வாறு சேர்ந்த சேமிப்பிலிருந்து 1940ஆம் ஆண்டில் ஏறக்குறைய 33,000 டாலரைத் தந்து, இளம் கறுப்பின ஆய்வாளர்களுக்காக ஓர் அறக்கட்டளையை நிறுவினார். 1943 சனவரி 5ஆம் நாள் அவர் மறைந்தபின் எஞ்சிய சொத்தும் அதற்கே சேர்ந்தது. மொத்தம் ஏறக்குறைய 60,000 டாலர். மரியாம்மாள் கொடுத்த படுக்கைக்கும் உணவுக்கும் அதுவே ஈடு.

கொடையைப் பற்றிச் சொல்லும்போது டஸ்கீகியைச் சுற்றி நடந்த மற்றொரு பெரும் முயற்சியையும் சொல்ல வேண்டும். சிகாகோ வணிகர் ஜூலியஸ் ரோசன்வால்டு 1912ஆம் ஆண்டில் அளித்த நன்கொடையில் ஒரு பகுதியைக்கொண்டு, புக்கர் வாஷிங்டன் அலபாமாவில் ஆறு கிராமப் பள்ளிகளைக் கட்டினார். அத்திட்டம் வளர்ந்து 1932ஆம் ஆண்டுக்குள் தென் மாநிலங்களில் 4,977 பள்ளிகள் எழுந்தன. ஊர் மக்களும் தம் பங்கைத் தர வேண்டும் என்பது விதி. கையில் காசில்லாத மக்கள், வயலில் ஒரு துண்டு நிலத்தின் விளைச்சலைப் பள்ளிக்கென்று ஒதுக்கினர், கோழி விற்றனர், விருந்து வைத்து நிதி திரட்டினர், மரம் வெட்டித் தந்தனர், கூலியில்லாமல் உழைத்தனர். கணக்கு முடிந்தபோது, ரோசன்வால்டு நிதி தந்தது ஏறக்குறைய 43 இலட்சம் டாலர்; அந்த ஏழை மக்கள் தந்தது ஏறக்குறைய 47 இலட்சம் டாலர். பெரும்பகுதியை அரசே வரிப்பணத்திலிருந்து தந்தது என்பது உண்மை. ஆனால் செல்வர் தந்ததைவிட ஏழைகள் கூடுதலாகத் தந்தார்கள் என்பதை நம் இளைஞர்கள் நினைவில் வைக்க வேண்டும்.

குறையும் நிறையும்

பெரியோர் வரலாற்றைச் சொல்லும்போது மிகைப்படுத்தல் கூடாது. நிலக்கடலை வெண்ணெயைக் கார்வரே கண்டுபிடித்தார் என்று சிலர் எழுதுவது தவறு; அது அவருக்கு முன்பே இருந்தது. அவர் செய்து காட்டிய பொருள்களில் பல கடைத்தெருவுக்கு வரவில்லை. அவர் பெற்ற காப்புரிமைகள் மூன்றே. அவருடைய பெருமை, வறண்ட மண்ணில் உழன்ற மக்களுக்குச் சொந்த மண்ணை வளமாக்கக் கற்பித்ததில் இருக்கிறது.

நிறவெறியை எதிர்த்து மேடையேறிப் போராடவில்லை என்பதும் அவர்மேல் சொல்லப்படும் குறை. அது மெய்யே. அண்ணல் அம்பேத்கரின் வழி வேறு. உரிமை கேட்டுப் பெறும் வழி அது. அவ்வழியின்றி நமக்கு விடிவில்லை என்பதில் ஐயமில்லை. ஆயினும் உரிமையால் திறந்த பள்ளிக்குள் நுழையும் குழந்தைக்கு உணவும் தாளும் அன்பும் தருவதற்கு ஒரு மரியாம்மாளும் வேண்டும்; அக்குழந்தையின் கண்ணை அறிந்து வழிகாட்ட ஓர் எட்டா பட்டும் வேண்டும். போராட்டமும் பராமரிப்பும் ஒன்றுக்கொன்று பகையல்ல. கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய தேசியச் சங்கமே 1923ஆம் ஆண்டில் தன் உயரிய ஸ்பிங்கார்ன் பதக்கத்தைக் கார்வருக்கு அளித்தது.

நம் சங்கம் செய்ய வேண்டியது

நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் ஓவியப் பாடவேளை வந்தால், தேர்வு நெருங்குகிறது என்று சொல்லி அதைக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் பரவலாக உண்டு. வண்ணப் பெட்டி கேட்கும் பிள்ளையை, சோற்றுக்கு வழியில்லாதவனுக்குச் சித்திரம் எதற்கு என்று பெற்றோரும் கடிந்துகொள்வர். வறுமை அவ்வாறு பேச வைக்கிறது. பெற்றோரைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் கார்வரின் வரலாறு மற்றொன்றையும் காட்டுகிறது. செடியை வரைந்து வரைந்து செடியை அறிந்த கண்தான் பின்னாளில் பயிர்நோயை அறிந்தது. ஓவிய வகுப்பில் இடம் கிடைத்திராவிட்டால் ஏம்ஸ் கல்லூரியும் இல்லை, டஸ்கீகியும் இல்லை. தூரிகையை விட்டு ஏரைப் பிடிப்பது என்ற முடிவை அவரே எடுத்தார். அவருக்காக வேறொருவர் அம்முடிவை எடுத்து, வரையும் கையைச் சிறுவயதிலேயே கட்டிப்போடவில்லை. நம் பிள்ளைக்கும் அந்தத் தெரிவு அவனுடையதாக, அவளுடையதாக இருக்க வேண்டும்.

ஆகையால் வெள்ளி விழா ஆண்டில் இரண்டு வேண்டுகோள்களை உறுப்பினர் முன் வைக்கிறேன். நாம் ஆண்டுதோறும் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்கும் குறிப்பேடு, எழுதுகோல் ஆகியவற்றோடு வெள்ளைத் தாளும் வண்ணமும் சேர்த்து வழங்குவோம். எதை வரைவது, எதைச் செய்வது என்பதைப் பிள்ளையிடமே விடுவோம். களிமண் பிசைய விரும்பும் பிள்ளை பிசையட்டும். கோலம் வரைய விரும்பும் பிள்ளை வரையட்டும். பறை செய்யும் தாத்தாவின் கைவேலையைப் பார்த்து வரைய விரும்பினால் அதையும் வரையட்டும். ஆசிரியரும் பெற்றோரும் அருகில் நின்று அப்பிள்ளையின் கண் எங்கே செல்கிறது என்று கவனித்தால் போதும்.

இரண்டாவது, நம் சங்கத்தின் உதவியால் படித்து இன்று பணியில் இருக்கும் ஒவ்வொருவரும், தாம் பெற்றதை எண்ணிப் பார்த்து, தம் ஊதியத்தில் ஒரு சிறு பங்கை ஆண்டுதோறும் சங்கத்துக்குத் தர வேண்டும். பணம் தர இயலாதவர் மாலை வேளையில் ஒரு மணி நேரம் தெருப்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித் தரலாம். ரோசன்வால்டு பள்ளிகளுக்குக் கோழி விற்றுக் கொடுத்த தாய்மார்களைவிட நாம் ஏழைகள் அல்லர்.

சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் இளைஞர்களாகிய உங்கள் கையில் இருக்கின்றன. எட்டு மைல் நடந்து வந்து கொட்டகையில் படுத்துறங்கும் பிள்ளை இன்று நம் தெருவிலும் இருக்கக்கூடும். அப்பிள்ளையைக் காலையில் எழுப்பி, பெயர் கேட்டு, பள்ளிக்கு அனுப்பி வைக்கும் பணியை ஏற்றுக்கொள்ளுங்கள் எனக் கேட்டு, வெள்ளி விழா காணும் நம் சங்கம் பல்லாண்டு வாழ்க என வாழ்த்தி அமைகிறேன்.